சென்னை ஈரக்காற்றில் சுகர் பேஸ்ட் பொம்மைகள் தளராமல் நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன், எட்டு வருடம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் புதிதாக ஆரம்பித்த பெண்கள் சிலர் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் செய்வார்கள். அக்டோபர் பாதியில் மழை பிடித்ததும் எல்லாரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "அக்கா, பொம்மை காயவே மாட்டேங்குது, கேக் மேல வச்சா தொங்கிப் போகுது, என்ன பண்றது?" போனில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃபாண்டன்ட், சுகர் பேஸ்ட், கம் பேஸ்ட் எல்லாம் ஒன்றுதானா?

ஃபாண்டன்டும் சுகர் பேஸ்டும் ஒன்றுதான். கம் பேஸ்ட் வேறு. ஃபாண்டன்ட் என்பது ஐசிங் சுகர், குளுக்கோஸ் சிரப், கொஞ்சம் கொழுப்பு, பெரும்பாலும் கிளிசரினும் சேர்த்துப் பிசைந்த மாவு. கேக்கைப் போர்வை மாதிரி மூடவும், கத்தி வைத்தால் மென்மையாக வெட்டுப்படவும் செய்யப்பட்டது, அதனால் அது மெத்தென்று இருப்பதற்காகவே கிளிசரின் போடுகிறார்கள். கம் பேஸ்டில் பசை மாவு கூடுதல், அது மெல்லியதாகத் தேய்த்தாலும் காய்ந்ததும் ஓடு மாதிரி கெட்டியாகிவிடும்.

நிறையப் பேர் கடையில் வாங்கிய ஃபாண்டன்டை அப்படியே எடுத்துப் பொம்மை செய்துவிட்டு, ஏன் காயவில்லை என்று கேட்கிறார்கள். காயக்கூடாது என்பதற்காகவே கிளிசரின் சேர்த்த மாவு அது. மேல் தோல் மட்டும் காயும், உள்ளே கொழகொழவென்றே இருக்கும். பொம்மைக்கு டைலோஸ் (மாவை இறுக வைக்கும் பசைப் பவுடர்) சேர்த்த ஃபாண்டன்ட், பூ இதழுக்கும் வில் முடிச்சுக்கும் கம் பேஸ்ட், கேக்கை மூடுவதற்கு மட்டும் வெறும் ஃபாண்டன்ட், இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு நாள் காய வைத்த பொம்மைகூட கேக் மேல் வைத்ததும் தளர்கிறதே, ஏன்?

மழைக்காலத்தில் டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் அப்பளமும் முறுக்கும் நமத்துப் போகுமில்லையா, வெல்லம் கசியுமில்லையா, அதே கதைதான். சர்க்கரை தண்ணீரை இழுக்கும். சுத்தமான வெள்ளைச் சர்க்கரை காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதம் வரும் வரைக்கும் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதோடு குளுக்கோஸும் கிளிசரினும் கலந்துவிட்டால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். நம் ஊரில் நவம்பர் மாத விடியற்காலையில் 85-ஐத் தாண்டுவது சாதாரணம். வெயில் காலத்திலும் மதியம் கடல் காற்று வந்ததும் ஈரம் ஏறிவிடும்.

தண்ணீர் மூன்று வழியில் வருகிறது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மேலேயுள்ள காற்றிலிருந்து, கீழேயுள்ள கிரீமிலிருந்து, அப்புறம் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுக்கும்போது படியும் வியர்வையிலிருந்து. பொம்மை தொங்கினால் இந்த மூன்றில் எது என்று பாருங்கள். பாதத்தில் மட்டும் கரைந்து சரிந்திருந்தால் கிரீம். உடம்பு முழுக்க பளபளவென்று ஈரமாக இருந்தால் ஃப்ரிட்ஜ். மேலே பிசுபிசுப்பாக, தொட்டால் விரல் ரேகை பதிகிறதென்றால் காற்று.

டைலோஸ் பவுடர் எவ்வளவு சேர்க்க வேண்டும்? சிஎம்சி போட்டாலும் சரியா?

250 கிராம் ஃபாண்டன்டுக்குத் தட்டையாக ஒரு டீஸ்பூன் டைலோஸ். இது நான் தினமும் போடும் அளவு. மழைக்காலத்தில் ஒன்றேகால் வரைக்கும் போகிறேன், அதற்கு மேல் போட்டால் மாவு வேலை செய்யும்போதே மேலே சுருக்கம் விழும், யானைத்தோல் என்பார்கள், அப்புறம் காய்ந்ததும் வெடிக்கும்.

சிஎம்சி என்று பொட்டலத்தில் விற்பதும் அதே குடும்பம்தான். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்பது முழுப் பெயர், உணவுச் சேர்க்கைப் பட்டியலில் 466 என்ற எண்ணில் இருக்கும். கடைக்குக் கடை பவுடரின் நைசும் வலுவும் கொஞ்சம் மாறும், அதனால் புதுப் பொட்டலம் பிரித்தால் முதலில் எலுமிச்சை அளவு மாவில் பிசைந்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பாரிமுனைப் பக்கம் பேக்கரி சாமான் கடைகளில் சின்னப் பொட்டலமாகவே கேட்டு வாங்குங்கள், திறந்தால் ஈரம் இழுக்கும் சாமான் இது.

பிசைந்த உடனே பொம்மை செய்ய உட்காராதீர்கள். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். அதற்குள் பவுடர் ஊறி மாவு கொஞ்சம் முறுக்கேறும், இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். பிசையும்போது கையில் ஒட்டினால் தண்ணீர் தொடவே கூடாது, துளி வனஸ்பதி தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கார்ன்ஃப்ளார். கை வியர்ப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது, எனக்கு ஏப்ரல் மே மாதங்களில் அது இல்லாமல் வேலையே ஓடாது.

எப்படிக் காய வைப்பது? வெயிலில் வைக்கலாமா?

மொட்டை மாடியில் வடாம் காய்கிறதே என்று சுகர் பேஸ்டையும் கொண்டுபோய் வைக்காதீர்கள். வெயில் சூட்டில் உள்ளேயுள்ள கொழுப்பு இளகி, பொம்மை காய்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடும், கலரும் வெளுத்துப் போகும். வடாம் போடுபவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று: பாதி காய்ந்ததும் திருப்பிப் போடுவார்கள் பாருங்கள், அதுதான். தட்டையாக வெட்டிய எழுத்து, நட்சத்திரம், இலை எல்லாவற்றுக்கும் அடிப்பக்கம் காயாமலே இருக்கும், ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். தட்டில் நேராக வைக்காமல், ஸ்பாஞ்ச் ஷீட் மேல் கார்ன்ஃப்ளார் தூவி வைத்தால் கீழேயும் காற்றுப் படும்.

ஏசி இருக்கும் அறைதான் சிறந்த இடம். ஏசி குளிர்விப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் தண்ணீராக்கி வெளியே தள்ளுகிறது, பால்கனிக் குழாயில் சொட்டுகிறதே, அது உங்கள் அறைக்காற்றிலிருந்து வந்த தண்ணீர்தான். ரிமோட்டில் ட்ரை மோட் இருந்தால் அதைப் போட்டு, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். மெல்லிய இதழ் ஒரு ராத்திரியில் காயும். 3 மில்லிமீட்டர் தட்டைத் துண்டுக்கு ஒரு முழு நாள். கட்டைவிரல் தடிமனுள்ள உடம்புக்கு மூன்று நாள், மழையென்றால் நான்கு.

ஏசி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. முதலில் ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் மேல் தோல் பிடிக்கட்டும். அப்புறம் காற்றுப் புகாத பெரிய டப்பாவில் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, அது மாவைத் தொடாதபடி ஒரு சல்லடைத் தட்டின் கீழே வைத்து மூடிவிடுங்கள். மின்சாரம் போனாலும் கவலையில்லை. நீல நிற மணிகளை மட்டும் வாங்காதீர்கள், அந்த நிறத்துக்குப் போடும் கோபால்ட் குளோரைடு நச்சு. உணவுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு வெள்ளை மணிகளே போதும்.

ஒரு பொம்மை காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் செய்வது: நகத்தால் அடிப்பக்கத்தை மெதுவாகத் தட்டிப் பார்ப்பேன். டக்கென்று ஓட்டைத் தட்டின மாதிரி சத்தம் வர வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் இன்னும் ஒரு நாள்.

எந்த கிரீம் மேல் வைத்தால் நிற்கும்?

கனாஷ் மேல் வைத்தால் கவலையே இல்லை. சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த அதில் கொழுப்பு அதிகம், பொம்மைக்குப் போகக்கூடிய ஈரம் குறைவு, ஆறியதும் மேல்பரப்பு இறுகிவிடும். டார்க் சாக்லேட் என்றால் வழக்கமாக இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்று சொல்வார்கள், சென்னை வெயிலுக்கு நான் மூன்றுக்கு ஒன்று போடுகிறேன். வெள்ளைச் சாக்லேட் இன்னும் இளகல், அதற்கு நான்குக்கு ஒன்று.

அடுத்தது வெண்ணெயும் ஐசிங் சுகரும் மட்டும் அடித்த கெட்டி பட்டர் கிரீம். இதில் பாலைத் தாராளமாக ஊற்றிவிட்டால் காரியம் கெட்டது, ஒன்றிரண்டு ஸ்பூனோடு நிறுத்துங்கள். கேக்கில் பூசிய பிறகு மேலே தோல் மாதிரி லேசாக உலர்ந்ததும் பொம்மையை வையுங்கள், ஈரமாக இருக்கும்போது வேண்டாம்.

விப்பிங் கிரீம், கிரீம் சீஸ், பழ ஜெல்லி, பழத்துண்டு, இவை நாலும் சுகர் பேஸ்டுக்கு ஆகாது. தண்ணீர் நிறைய.

ஆனால் வாடிக்கையாளர் விப்பிங் கிரீம் கேக்தான் வேண்டும், மேலே பொம்மையும் வேண்டும் என்கிறாரே?

சென்னையில் பாதிக்கு மேல் ஆர்டர் இப்படித்தான் வருகிறது. பட்டர் கிரீம் திகட்டுகிறது என்பார்கள், நியாயம்தான். முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை, பொம்மைக்கும் கிரீமுக்கும் நடுவில் ஒரு தடுப்பு போட்டால் போதும்.

பொம்மை முழுதாகக் காய்ந்ததும் கிரீமைத் தொடப்போகும் பக்கத்தில் உருக்கிய காம்பவுண்ட் சாக்லேட்டை (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) பிரஷ்ஷால் தடவி ஆறவிடுங்கள், ஆறியதும் இன்னொரு தடவை. வெள்ளைப் பொம்மைக்கு வெள்ளைக் காம்பவுண்ட். கொழுப்புப் படலத்தைத் தாண்டித் தண்ணீர் ஏறாது. ஓரம் விட்டுப்போனால் அந்த ஓரத்தில்தான் கரைய ஆரம்பிக்கும், ஆகவே விளிம்பு வரைக்கும் தடவுங்கள்.

கனமான பொம்மை என்றால் இதுவும் போதாது, விப்பிங் கிரீம் எடையைத் தாங்காமல் அமுங்கும். பொம்மையின் பாதத்தைவிடச் சற்றே பெரிய வட்டமாகக் கேக் போர்டை வெட்டி, அதன் மேல் பொம்மையை ஒட்டி, போர்டுக்குக் கீழே நான்கு தடித்த ஸ்ட்ராக்களைக் கேக்கின் உயரத்துக்கு வெட்டிச் செருகிவிடுங்கள். பொம்மையின் எடை கேக்கில் இறங்காமல் ஸ்ட்ரா வழியாக அடிப் பலகைக்குப் போய்விடும். கடைசி விஷயம், வைக்கும் நேரம். பொம்மையைத் தனி டப்பாவில் கொடுத்தனுப்பி, கேக் வெட்டுவதற்கு அரை மணி முன்னால் வைக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போய் வையுங்கள்.

அலங்கரித்த கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

இதற்கு ஒரு கேக்கின் கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் நவம்பரில், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு யானைக் கேக் செய்தேன். சாம்பல் நிற யானை, பெரிய காது, தூக்கிய தும்பிக்கை, நான்கு நாள் காய வைத்தது. காலையில் கொடுத்துவிட்டேன். அவர்கள் நல்ல எண்ணத்தில், கெட்டுப்போகக் கூடாதென்று, மதியம் முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஆறு மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏசி இல்லாத மண்டபம், வெளியே தூறல். ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காது இரண்டும் தோளோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. தும்பிக்கை நுனியில் ஒரு சொட்டுச் சாம்பல் நிறத் தண்ணீர் திரண்டு, விழாமல் நின்றது. அந்த அம்மாவின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்று நான் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

நடந்தது இதுதான். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரமும் உள்ள காற்றில், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள் மேலும் தண்ணீர் படியும். குளிர்ந்த சோடா பாட்டிலை வெளியே வைத்தால் வியர்க்கிறதே, அப்படி. ஃப்ரிட்ஜிலிருந்து வரும் கேக் 5 டிகிரியில் இருக்கிறது, அது 25-க்கு ஏறும் வரை பொம்மை மேல் தண்ணீர் படிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே கனாஷ், பட்டர் கிரீம் கேக்குகளை, உள்ளே பழமோ விப்பிங் கிரீமோ இல்லையென்றால், செய்த அன்றைக்கு ஏசி அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டிய கேக் என்றால் அட்டைப் பெட்டியில் மூடி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி வையுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காமல் ஏசி அறையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். தண்ணீர் பெட்டிக்கு வெளியே படியும், கேக் மேல் படியாது. இப்போது என் ஒவ்வொரு பெட்டி மூடியிலும் இதைத் தமிழில் எழுதி ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

நிற்கும் எண், பெயர்ப் பலகை மாதிரியானவை பின்னால் சாய்ந்துவிடுகின்றன.

தடிமன் 5, 6 மில்லிமீட்டர் வேண்டும், மூங்கில் குச்சியை மாவு பச்சையாக இருக்கும்போதே உள்ளே செருகிவிட வேண்டும். காய்ந்த பிறகு செருகினால் பிளந்துவிடும். எண் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளக் குச்சியாவது கேக்குக்குள் இறங்கட்டும். சின்னக் கை, கால், தலை இணைக்கப் பல்குச்சிக்குப் பதில் வேகவைக்காத ஸ்பகெட்டி போடுகிறேன், குழந்தை கடித்தாலும் பயமில்லை. ஆனால் அதைக் கிரீமுக்குள் செருகாதீர்கள், சில மணி நேரத்தில் ஊறி வளைந்துவிடும். மூங்கில் குச்சி, பல்குச்சி, பூக்கம்பி எது வைத்தாலும் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பூக்கம்பியை நேராகக் கேக்கில் குத்துவது தப்பு, ஒரு ஸ்ட்ராவுக்குள் விட்டுச் செருகுங்கள்.

துண்டுகளை ஒட்ட எதைப் பயன்படுத்துவது? தண்ணீர் போதாதா?

பச்சையாக இருக்கும் இரண்டு துண்டுகளை ஒட்டத் தண்ணீர் போதும், அதுவும் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்துவிட்டு. காய்ந்ததை ஒட்டப் பசை வேண்டும். இரண்டு டேபிள்ஸ்பூன் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் டைலோஸ் போட்டு மூடி வைத்தால் மறுநாள் கட்டியெல்லாம் கரைந்து கஞ்சி மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரும். கனமான துண்டுக்கு இதுவும் காணாது, உருக்கிய சாக்லேட்டை வைத்து ஒரு நிமிஷம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் வழியும் அளவுக்குப் போட்டால் துண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

சிவப்பும் கறுப்பும் மட்டும் காயாமல் பிசுபிசுவென்று இருக்கின்றனவே?

ஜெல் கலரில் பெரும்பாலும் கிளிசரினோ சர்க்கரைப் பாகோ இருக்கும். அடர்ந்த நிறம் வர அள்ளிப் போடும்போது அதையும் சேர்த்துப் போடுகிறீர்கள். பவுடர் கலரில் பிசையுங்கள். கறுப்புக்கு முதலில் கோகோ பவுடர் சேர்த்துப் பழுப்பாக்கிக்கொண்டால் கலர் பாதி அளவே போதும். திரவக் கலர் வேண்டவே வேண்டாம்.

வண்டியில் எடுத்துப்போகும்போது உடைகிறது.

மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் மேடவாக்கம் வரைக்கும் ஒரு கேக்கைக் கொண்டுபோனவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். காரின் சீட் சாய்வானது, கேக்கைக் கால் வைக்கும் தரையில் வையுங்கள், அடியில் நழுவாத ரப்பர் விரிப்பு. ஏசி கேக் ஏற்றுவதற்குப் பத்து நிமிஷம் முன்பே ஓடட்டும். பைக் டெலிவரியில் நிற்கும் பொம்மை உள்ள கேக்கை அனுப்பாதீர்கள். பொம்மை தனி டப்பாவில், சுற்றிலும் டிஷ்யூ தாள் சுருட்டி வைத்துப் போகட்டும். ஒடிந்தால் ஒட்டுவதற்குப் பசை, ஒரு பிரஷ், அதே கலரில் நெல்லிக்காய் அளவு மாவு, இந்த மூன்றும் என் பையில் எப்போதும் இருக்கும்.

சுத்த சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

டைலோஸ் தாவர நாரிலிருந்து வருவது, பிரச்சினையில்லை. ஃபாண்டன்டில் ஜெலட்டின் இருக்கலாம், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராயல் ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு உண்டு, எக்லெஸ் கேக்குக்கு அதைப் பசையாகக்கூடத் தொடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நம் கடமை.

ஏற்கெனவே வியர்த்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

முடியும், தொடாமல் இருந்தால். துணியால் ஒற்றினால் கலர் இழுபடும், கார்ன்ஃப்ளாரைக் கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். ஏசி அறையில் வைத்து, எதிரே மின்விசிறியை விட்டு, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், தானாக உலர்ந்துவிடும். ஹேர் ட்ரையர் இருந்தால் சூடில்லாத காற்றில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து. காது, இறக்கை மாதிரி தொங்கும் பாகத்துக்குச் சுருட்டிய டிஷ்யூவை முட்டுக் கொடுங்கள். உலர்ந்த பிறகும் பளபளப்பு மிச்சம் இருந்தால் காய்ந்த பிரஷ்ஷில் துளி கார்ன்ஃப்ளார் தொட்டுத் தடவலாம்.

காய வைக்கும்போது எறும்பு வந்துவிடுகிறது.

எறும்பு சாக்பீஸை உணவுப் பக்கம் கொண்டுவரவே கூடாது, விஷம். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் காயும் தட்டை வையுங்கள். பாட்டி வீட்டில் தயிர்ச் சட்டிக்குச் செய்ததுதான். தட்டு சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு இடம் போதும் அதற்கு.

மீந்துபோன பூக்களை எத்தனை நாள் வைக்கலாம்?

நன்றாகக் காய்ந்த கம் பேஸ்ட் பூ, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், வெளிச்சம் படாத அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரும் ஆர்டர்களுக்கான ரோஜாக்களை நான் ஆகஸ்டிலேயே செய்து டப்பாவில் போட்டுவிடுகிறேன். டப்பா மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள், மாதம் ஒரு முறை திறந்து ஜெல்லை மாற்றுங்கள்.